மாணவர் விருப்பமும் வகுப்பறை ஈடுபாடும்

பள்ளியில் பெயர் பதிவு பெறுவதும், நாள்தோறும் பள்ளிக்கு வருவதும், வகுப்பில் நடைபெறும் பாடத்தில் மனம் ஈடுபடுவதும் வெவ்வேறான மூன்று நிலைகள். நாடு விடுதலை பெற்ற பின்னர் முதல் இரண்டு நிலைகளை எய்துவதற்கே பெருமுயற்சியும் பெரும் பொருளும் தேவைப்பட்டன. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கப்பெற்ற தேசிய மதிய உணவுத் திட்டமும், 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் இம்முயற்சியில் குறிப்பிடத்தக்க படிகள். இவற்றின் பயன் கண்கூடானது. 2024ஆம் ஆண்டுக்கான ‘அசர்’ கல்வி நிலை அறிக்கையின்படி, நாட்டுப்புறங்களில் 6 முதல் 14 வயது வரையுள்ள சிறார்களில் 98.1 விழுக்காட்டினர் பள்ளிகளில் சேர்ந்திருந்தனர்.

ஆயினும் அதே அறிக்கை மற்றொரு செய்தியையும் தருகிறது. அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பில் பயிலும் சிறார்களில் 23.4 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவராயிருந்தனர். இந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. ஆசிரியர் பற்றாக்குறை, வீட்டுமொழிக்கும் பள்ளிமொழிக்கும் உள்ள வேறுபாடு, குடும்பத்தின் வறுமை, கற்பிக்கும் முறை ஆகிய அனைத்துக்கும் இதில் பங்குண்டு. இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க ஒன்று, உடலால் வகுப்பில் இருந்தும் உள்ளத்தால் இல்லாத மாணவனின் நிலை. அவனை ஈடுபடச் செய்ய எது உதவும் என்னும் கேள்விக்கு நடத்தை அறிவியல் கண்டுள்ள எளிய விடைகளில் ஒன்று ‘விருப்ப மதிப்பீடு’ என்னும் முறை.

விருப்ப மதிப்பீடு என்பது மாணவன் எந்தத் துறைக்குத் தகுதியுடையவன் என்று காணும் நாட்டச் சோதனை அன்று. எந்தப் பொருளை, எந்தச் செயலை, எவருடைய கவனத்தை ஒரு குழந்தை மற்றவற்றைவிட மிகுதியாக நாடுகிறது என்பதை, அது செய்யும் தேர்வுகளை உற்று நோக்கி வரிசைப்படுத்துவதே இம்முறையின் வேலை.

சொல்லும் செயலும்

பொருளியல் பயின்றோருக்கு இக்கருத்து புதியதன்று. நுகர்வோரின் மனத்தில் உள்ள பயன்பாட்டை நேரடியாக அளக்க இயலாது என்றும், அவர் சந்தையில் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய விருப்பத்தை அறிய முடியும் என்றும் பால் சாமுவேல்சன் 1938ஆம் ஆண்டில் வாதிட்டார். பின்னர் இது ‘வெளிப்படுத்தப்பட்ட விருப்பம்’ என்னும் கோட்பாடாக வளர்ந்தது. நுகர்வோரிடம் கேட்பதைவிட அவர் கையிலுள்ள கூடையைப் பார்ப்பதே மேல் என்பது இதன் சாரம். விருப்ப மதிப்பீடு தனியே உளவியல் வழியில் தோன்றி வளர்ந்த முறை. எனினும் அடிப்படையில் அதுவும் இதையே சொல்கிறது. குழந்தையின் தேர்வே அதன் வாய்மொழி.

ஒருவருக்குப் பரிசாக அமைவது மற்றொருவருக்குப் பரிசாக அமையவேண்டும் என்பதில்லை. அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் பிரிமேக் 1959ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதை நன்கு விளக்கியது. முதல் வகுப்புக் குழந்தைகளின் முன் மிட்டாய் வழங்கும் பொறி ஒன்றும் பந்தாட்டப் பொறி ஒன்றும் வைக்கப்பட்டன. தடையின்றி விடப்பட்டபோது சிலர் மிட்டாயையும் சிலர் ஆட்டத்தையும் மிகுதியாக நாடினர். ஆட்டத்தை நாடிய குழந்தைகள், ஆடுவதற்கு வாய்ப்புக் கிட்டும் என்றால் கூடுதலாக மிட்டாய் உண்டனர். மிட்டாயை நாடியவர்களோ மிட்டாய் பெறுவதற்காகக் கூடுதலாக ஆடினர். ஒருவருக்கு ஊதியமானது மற்றவருக்கு உழைப்பாயிற்று. மிகுதியாக விரும்பும் செயலைக் குறைவாக விரும்பும் செயலுக்குப் பின்னர் அமைத்தால், பின்னது பெருகும் என்னும் இவ்விதி இன்று பிரிமேக் விதி என்றே வழங்குகிறது.

வகுப்பு முழுவதற்கும் ஒரே பரிசு அறிவிக்கும் வழக்கம் ஏன் சிலரிடம் மட்டும் பயனளிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். பரிசு பயனளிக்காத மாணவனைச் ‘சோம்பேறி’ என்றோ ‘எதிலும் ஆர்வமற்றவன்’ என்றோ சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அவனுக்குரிய ஊக்கம் எது என்று எவரும் தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊகம் போதுமா?

அன்றாடம் உடனிருக்கும் ஆசிரியருக்குக் குழந்தையின் விருப்பம் தெரியாதா என்று வினவலாம். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரீன் முதலியோர், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உடையவர்களைப் பேணும் ஊழியர்களின் கருத்தையும், முறையான மதிப்பீட்டின் முடிவையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரண்டும் ஒத்துப் போகவில்லை. ஊழியர்கள் அன்புடனும் அக்கறையுடனும் பழகியவர்களே. ஆயினும் அவர்களுடைய ஊகம் தேர்வுக்கு ஈடாகவில்லை.

இது யாருக்கு மிகவும் முக்கியம்? வாய் திறந்து ‘எனக்கு இது வேண்டும்’ என்று சொல்லக்கூடிய குழந்தை எவ்வகையிலேனும் தன் விருப்பத்தைத் தெரிவித்துவிடும். பேச்சு வராத குழந்தைக்கும், ஆட்டிசம் அல்லது அறிவுத்திறன் குறைபாடு உடைய குழந்தைக்கும், வீட்டுமொழி வேறாகவும் பள்ளிமொழி வேறாகவும் உள்ள குழந்தைக்கும் அந்த வாய்ப்பு இல்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிகளில் 61 விழுக்காட்டினரே கல்வி நிலையங்களுக்குச் சென்று வந்தனர். 27 விழுக்காட்டினர் ஒருபோதும் சென்றதில்லை. இத்தகைய குழந்தை ஒன்று அரிதின் முயன்று பள்ளிக்கு வந்த பின்னர், வகுப்பின் மூலையில் வாளா அமர்ந்திருக்குமானால், சில திங்களில் பெற்றோரே அதனை நிறுத்திவிடக்கூடும். ஆகவே முதற் சில வாரங்களில் அக்குழந்தையை ஈடுபடுத்தும் வழியைக் காண்பது, அதன் கல்வி தொடருமா தொடராதா என்பதையே முடிவு செய்யக்கூடியது.

மதிப்பீட்டு முறைகள்

கடந்த நாற்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ள முறைகள் பல. அவற்றுள் பள்ளிக்கு ஏற்றவை ஐந்து.

முதலாவது, கேட்டறிதல். பெற்றோரிடமும், உடன்பிறந்தாரிடமும், இயன்றால் குழந்தையிடமும் கேட்டுப் பட்டியல் தயாரிப்பது. ‘வீட்டில் தனியே இருக்கும்போது என்ன செய்கிறான்? எந்த ஒலியைக் கேட்டால் திரும்புகிறான்? எதைப் பறித்தால் அழுகிறான்?’ என்பன போன்ற வினாக்கள் பயன் தரும். இது முடிவு அன்று. அடுத்த படிகளுக்கு வேண்டிய பொருள்களைத் திரட்டும் தொடக்கம் மட்டுமே.

இரண்டாவது, தடையற்ற நோக்கல். பல பொருள்களைப் பரப்பி வைத்துக் குழந்தையை அதன் போக்கில் விட்டு, ஒவ்வொன்றோடும் அது செலவிடும் நேரத்தைக் குறித்துக்கொள்வது. 1998ஆம் ஆண்டில் ரோன் முதலியோர் இதனை 5 நிமிட மதிப்பீடாகச் சுருக்கிக் காட்டினர். கையிலுள்ளதைப் பிடுங்காததால் அழுகையும் பிணக்கும் குறைகின்றன. பொருளைத் திரும்ப வாங்கினால் கலங்கிவிடும் குழந்தைக்கு இதுவே ஏற்றது.

மூன்றாவது, ஒவ்வொன்றாகக் காட்டல். 1985ஆம் ஆண்டில் பேஸ் முதலியோர் வெளியிட்ட முறை இது. ஒரு பொருளைக் குழந்தையின் முன் வைத்து, அதை நோக்கிக் கையோ உடலோ நகர்கிறதா என்று பார்ப்பது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இன்னும் கற்றிராத குழந்தைக்கு இது பொருந்தும். ஆனால் காட்டுவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் குழந்தையிடம் எது மிகவும் பிடித்தது என்று இம்முறையால் அறிய இயலாது.

நான்காவது, இணைத் தேர்வு. மேற்கண்ட குறையைப் போக்க ஃபிஷர் முதலியோர் 1992ஆம் ஆண்டில் கண்ட வழி. ஒவ்வொரு பொருளையும் மற்ற ஒவ்வொன்றோடும் இணையாக வைத்து, ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்வது. எத்தனை முறை காட்டப்பட்டு எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதை விழுக்காடாகக் கணக்கிட்டால் வரிசை கிடைக்கும். முடிவு தெளிவானது, ஆனால் நேரம் மிகும். 5 பொருள்களுக்கு 10 இணைகள். 8 பொருள்களுக்கு 28. 16 பொருள்களுக்கு 120.

ஐந்தாவது, வரிசைத் தேர்வு. டிலியோன், இவாட்டா ஆகிய இருவரும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்டது. பொருள்கள் அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்து ஒன்றை எடுக்கச் செய்து, எடுத்ததை மீண்டும் வைக்காமல், எஞ்சியவற்றுள் அடுத்ததை எடுக்கச் செய்வது. இணைத் தேர்வுக்கு வேண்டிய நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே இதற்குத் தேவைப்பட்டது. பணிச்சுமை மிக்க பள்ளிகளுக்கு இம்முறையே பெரிதும் உகந்தது எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

வரிசைத் தேர்வு நடைபெறும் விதத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி எழுத்துப் பயிற்சியில் அமர மறுக்கிறாள் என்று கொள்வோம். படப் புத்தகம், களிமண், சிறு மத்தளம், பம்பரம், கரும்பலகையில் எழுதச் சுண்ணக்கட்டி ஆகிய ஐந்தும் அவள்முன் வரிசையாக வைக்கப்படுகின்றன. முதலில் ஒவ்வொன்றையும் சிறிது நேரம் கையாள விடவேண்டும். அறியாத பொருளை எவரும் விரும்புவதற்கில்லை. பின்னர், ‘உனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்’ என்று சொல்லி, எடுத்ததோடு அரை நிமிடம் விளையாட விட்டு, அதை அப்புறப்படுத்தி, எஞ்சியவற்றின் இடங்களை மாற்றி, மீண்டும் எடுக்கச் சொல்லவேண்டும். இடத்தை மாற்றுவது இன்றியமையாதது. சில குழந்தைகள் பொருளைப் பாராமல் எப்போதும் வலப்பக்கத்தில் இருப்பதையே எடுப்பதுண்டு. ஐந்தும் தீர்ந்தால் ஒரு சுற்று முடிந்தது. இவ்வாறு மூன்று சுற்றுகள் நடத்தவேண்டும்.

முதலில் எடுத்ததற்கு 1, அடுத்ததற்கு 2 என எண் இட்டால், மூன்று சுற்றுகளின் கணக்கு பின்வருமாறு அமையலாம்: மத்தளம் 1, 2, 1, கூட்டு 4, சுண்ணக்கட்டி 2, 1, 2, கூட்டு 5, படப் புத்தகம் 4, 3, 3, கூட்டு 10, களிமண் 3, 4, 5, கூட்டு 12, பம்பரம் 5, 5, 4, கூட்டு 14. கூட்டு எண் குறைந்ததே விருப்பம் மிகுந்தது. படப் புத்தகமே சிறந்த பரிசு என்று ஆசிரியர் எண்ணியிருந்தால் அது மூன்றாம் இடத்திலேயே நிற்கிறது. முன்னணியில் உள்ள இரண்டில் ஒன்றான சுண்ணக்கட்டி எந்த வகுப்பறையிலும் இருப்பது. புதிய செலவு வேண்டாதது. ஐந்து வரி எழுதினால் இரண்டு நிமிடம் கரும்பலகையில் எழுதலாம் என்பது இச்சிறுமிக்கு உரிய ஏற்பாடாகலாம். அந்தக் கரும்பலகை எழுத்தும் எழுத்துப் பயிற்சியே என்பதை எண்ணுக.

இந்த மதிப்பீடு முழுவதற்கும் பத்துப் பதினைந்து நிமிடங்களே தேவைப்படும். ஒரு தாளும் பென்சிலும் தவிர வேறு கருவி வேண்டுவதில்லை.

விருப்பம் வலுவூட்டுமா?

விரும்பும் பொருள் அனைத்தும் உழைக்கத் தூண்டும் என்று கொள்ளலாகாது. ஒரு செயலுக்குப் பின்னர் அளிக்கப்படும்போது அச்செயலை மேலும் நிகழச் செய்வதையே உளவியலார் ‘வலுவூட்டி’ என்பர். இது சோதித்தே அறியவேண்டியது. மூன்று நாள்கள் வழக்கம்போல் பாடம் நடத்தி, பத்து நிமிடத்தில் குழந்தை செய்து முடிக்கும் கணக்குகளை எண்ணிக்கொள்க. அடுத்த மூன்று நாள்கள் தேர்ந்த பொருளை இணைத்து எண்ணுக. மீண்டும் மூன்று நாள்கள் அஃதின்றி எண்ணுக. நடுவில் எண்ணிக்கை உயர்ந்து பின்னர் தாழ்ந்தால் அப்பொருள் வலுவூட்டி என்று கொள்ளலாம். எந்த மாற்றமும் இல்லையெனில் தேர்வை மீண்டும் செய்யவேண்டும். அன்றிக் கணக்கே அக்குழந்தைக்கு மிகக் கடினமாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். விளங்காத பாடத்தை எந்தப் பரிசும் விளங்க வைக்காது.

இங்கும் பொருளியலின் பழைய விதி ஒன்று துணை நிற்கிறது. ஒரு பொருளை மேன்மேலும் நுகர, அதன் இறுதிநிலைப் பயன்பாடு குறைந்துகொண்டே செல்லும். நாள் முழுவதும் கையிலிருக்கும் மத்தளத்துக்காக எக்குழந்தையும் ஐந்து வரி எழுதாது. ஆகவே பரிசு சிறிதாகவும், அவ்வப்போது மாறுவதாகவும் இருத்தல் வேண்டும். குழந்தையின் விருப்பமும் நிலையானதன்று. திங்கள் ஒருமுறையேனும் மதிப்பீட்டைப் புதுப்பிப்பது நலம்.

உணவுப் பொருள்களையும் விளையாட்டுப் பொருள்களையும் ஒரே வரிசையில் வைப்பது தவறான முடிவுக்கு வழிகாட்டும். டிலியோனும் அவருடன் ஆய்ந்தோரும் 1997ஆம் ஆண்டில் காட்டியபடி, இரண்டும் கலந்திருந்தால் பெரும்பாலோர் உணவையே முதலில் எடுத்தனர். விளையாட்டுப் பொருள்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஆனால் தனியே சோதித்தபோது அதே விளையாட்டுப் பொருள்கள் நன்கு வலுவூட்டின. பசியோடு பள்ளிக்கு வரும் குழந்தைகள் உள்ள இடங்களில் இதனை மேலும் கவனத்திற் கொள்ளவேண்டும்.

முழு வகுப்பில் இயலுமா?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்க நிலையில் 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும். அத்தனை பேரையும் தனித்தனியே மதிப்பிடுவது எளிதன்று, தேவையும் இல்லை. பெரும்பாலான மாணவருக்கு எழுத்து வடிவிலோ பட வடிவிலோ ஒரு சிறு படிவம் போதும். ‘மணி அடித்தல், தம்பி தங்கையர் வகுப்பில் கதை படித்துக் காட்டல், தோட்டத்துக்கு நீர் ஊற்றல், நண்பனோடு சேர்ந்து படித்தல், படம் வரைதல்’ ஆகியவற்றுள் விருப்ப வரிசை இடச் சொல்லலாம். எந்த ஏற்பாட்டுக்கும் வசப்படாத மூன்று நான்கு குழந்தைகளுக்கு மட்டும் தனி மதிப்பீடு நடத்தினால் போதும்.

பொருள்களைவிடச் செயல்களும் பொறுப்புகளும் பல நேரங்களில் வலுவானவை. ஆசிரியரின் பாராட்டும் அத்தகையதே. ஆனால் அதிலும் விருப்பம் வேறுபடும். எல்லோர் முன்னும் கைதட்டல் பெறுவதை ஒரு மாணவி விரும்பலாம். மற்றொருத்தி அதற்கு அஞ்சி அடுத்த முறை விடை தெரிந்தும் கை உயர்த்தாதிருக்கலாம். பிந்தியவளுக்கு நோட்டுப் புத்தகத்தில் எழுதப்படும் ஒரு வரியே மேல். சிலருக்குச் சிறிது நேர ஓய்வே சிறந்த பரிசு.

விருப்பத்தைப் பாடத்தின் முடிவில் பரிசாக மட்டுமன்றிப் பாடத்தினுள்ளேயே அமைப்பது இன்னும் சிறந்தது. பேருந்துகளில் மனம் வைத்த சிறுவனுக்குத் தடம் எண்களைக் கொண்டு எண்ணும், பயணச் சீட்டைக் கொண்டு கூட்டலும் கற்பிக்கலாம். இரு பயிற்சிகளுள் எதை முதலில் செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருவதுகூட ஈடுபாட்டை வளர்க்கும்.

கண்பார்வையற்ற குழந்தைக்குப் பொருள்களைத் தொட்டும் கேட்டும் அறிய வாய்ப்பளிக்கவேண்டும். கை அசைக்க இயலாத குழந்தையின் பார்வை எங்கு நிலைக்கிறது என்பதே அதன் தேர்வு. எதையும் எடுக்காமல் தலையைத் திருப்பிக்கொள்வதும் ஒரு விடையே. அதனையும் மதித்தல் வேண்டும்.

இது கையூட்டு ஆகாதா?

பரிசு தந்து படிக்க வைப்பது குழந்தைக்குக் கையூட்டுக் கொடுப்பதாகும் என்பது அடிக்கடி எழும் மறுப்பு. இதில் ஓரளவு உண்மையும் உண்டு. 1973ஆம் ஆண்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் முன்னரே விருப்பமுடைய மழலையருள் ஒரு பகுதியினருக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டிச் சொல்லி வரையச் செய்தனர். பின்னர் பரிசு இல்லாதபோது, மற்றக் குழந்தைகளைவிட இவர்கள் வரைவதில் குறைந்த நேரமே செலவிட்டனர். தானே விரும்பிச் செய்வதற்கு விலை குறித்தால் விருப்பம் குன்றக்கூடும் என்பது இதன் படிப்பினை.

ஆகவே முறை தெளிவானது. குழந்தை தானாக விரும்பிச் செய்யும் பணிக்குப் பரிசு வேண்டாம். தொடங்கவே மறுக்கும் பணிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துக. பணி கைவந்து, அதில் வெற்றியின் சுவை தெரியத் தொடங்கியதும் பரிசைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்க. நடை பழகும் குழந்தைக்குத் தரும் விரல் பிடி போன்றது இது, நடந்தபின் விலக்கிக்கொள்ளத்தக்கது.

இதனினும் கடுமையான எல்லை ஒன்று உண்டு. எது பரிசு, எது உரிமை என்பதில் குழப்பம் நேரலாகாது. மதிய உணவு 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வழங்கும் உரிமை. குடிநீர், கழிப்பறைக்குச் செல்லுதல், விளையாட்டு நேரம், தோழருடன் அமர்தல் ஆகியவையும் எவரும் உழைத்து ஈட்டவேண்டியவை அல்ல. விருப்பம் மிகுந்தது என்று அறிந்தபின் அதனைப் பறித்து வைத்து அச்சுறுத்துவது, கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துள்ள மனத் துன்புறுத்தலாகவே முடியும். பொறுப்புகளைப் பகிரும்போதும் விழிப்பு வேண்டும். தலைமைப் பணிகள் ஒரு சாராருக்கும் துப்புரவுப் பணிகள் மற்றொரு சாராருக்கும் ‘விருப்பம்’ என்ற பெயரால் ஒதுக்கப்படுமானால், அது பழைய அநீதிக்குப் புதிய பெயர் சூட்டுவதாகும்.

நிருவாகம் செய்யத்தக்கவை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை அரசின் கடமையாக்கியது. 2018ஆம் ஆண்டில் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டமும், 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும் அவ்வழியே செல்கின்றன. 2021ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் நியமனத்துக்கு அளவு வகுக்குமாறு பணித்தது. ஆயினும் சிறப்பாசிரியர் எல்லாப் பள்ளிகளுக்கும் கிட்டும் வரையில், பொது ஆசிரியரே இக்குழந்தைகளுக்கு முதல் துணை. அவருக்குக் கற்பிக்கத்தக்க எளிய கருவிகளுள் விருப்ப மதிப்பீடு ஒன்று.

இதற்குப் புதிய திட்டமோ தனி நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. மூன்று செயல்கள் போதுமானவை. முதலாவது, ஆசிரியர் பயிற்சியில் வரிசைத் தேர்வு முறையை ஒரு நாள் செய்முறையாகச் சேர்த்தல். இரண்டாவது, இருக்கும் பொருள்களைப் பயன்படுத்தல். அடிப்படை நிலைக் குழந்தைகளுக்காக 2023ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ‘ஜாதுயி பிடாரா’ பெட்டியில் உள்ள விளையாட்டுப் பொருள்கள், பொம்மைகள், புதிர்கள் ஆகியவை மதிப்பீட்டுக்கும் ஏற்றவை. மூன்றாவது, தனிக் கல்வித் திட்டப் பதிவேட்டில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கல். குறைபாட்டை முன்கூட்டிக் கண்டறிய 2022ஆம் ஆண்டில் ‘பிரசஸ்த்’ என்னும் சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. குழந்தையால் இயலாதவற்றைக் குறிக்க இடம் இருப்பதுபோல், அது விரும்புவனவற்றைக் குறிக்கவும் ஓர் இடம் வேண்டும். குழந்தை வகுப்பு மாறும்போது அப்பக்கமும் உடன் செல்லுமானால், அடுத்த ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலரும் ஒன்று செய்யலாம். வருகைப் பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பதோடு நில்லாமல், பத்து நிமிடம் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, எத்தனை குழந்தைகள் பாடத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அப்பணியில் ஈடுபடாத ஒரு குழந்தையைக் குறித்து, ‘இவனுக்கு என்ன பிடிக்கும்?’ என்று ஆசிரியரைக் கேட்கலாம். உடனே விடை கிடைத்தால் அப்பள்ளியில் நல்ல பணி நடைபெறுகிறது என்று கொள்ளலாம். விடை கிடைக்காவிடில், அதனை அறிவதற்கு வேண்டிய பதினைந்து நிமிடத்தை அந்த ஆசிரியருக்கு ஒதுக்கித் தருவது அலுவலரின் பொறுப்பாகும்.